நஞ்சுக்கொடி கேட்டவர்கள்

முதல் குழந்தையை இழந்தபோது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியன்களை நின்றபடியே புரட்டிப் பார்த்து, ஓட்டையும் கறையும் உள்ளவற்றை ஒதுக்கும் வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். ஆறாம் மாதம் முடிவதற்குள், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை அழவேயில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. பப்பாளி தின்றிருப்பாய் என்றார்கள். கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாய் என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அம்மா, கோயிலுக்குப் போவதை நான் குறைத்துவிட்டதுதான் காரணம் என்று அழுதாள். சாயப்பட்டறையில் வேலை செய்த என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரிலிருந்து என்னை இங்கே கூட்டி வந்தவர் அவர்; அதை நினைத்துத்தான் பேசாமலிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி உண்டானபோது கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், குறைமாதப் பிரசவத்தைப் பற்றியும் கர்ப்பத்தில் வரும் ரத்தக்கொதிப்பைப் பற்றியும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முன்பே குழந்தையை இழந்த பெண்களை அவர் வரவழைத்து ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், நூறு கேள்வி கேட்டார். எவ்வளவு நேரம் நிற்கிறாய், எந்தத் தண்ணீர் குடிக்கிறாய், வீட்டில் யாராவது அடிப்பார்களா. பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளவும் சம்மதம் கேட்டார்.

"இதனால உங்களுக்கு நன்மை கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். காரணம் எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறோம்" என்றார்.

தெரியாது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். எங்கள் ஊரில் நஞ்சுக்கொடியைக் குழி தோண்டிப் புதைப்பார்கள். நாய் நரி தொட்டுவிடக் கூடாது. அதைப் பாட்டிலில் போட்டு வைப்பார்கள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் முறை போனபோது டாக்டரின் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் எங்கள் ஓனர் வீட்டு மருமகள் உட்கார்ந்திருந்தார். அனுப்பர்பாளையத்தில் அவர்களுடைய மாடிவீட்டுக் காம்பவுண்டுக்குள் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த லைன் வீடும், நான் வேலை பார்த்த கம்பெனியும் அவர்களுடையவைதான். வீட்டில் கார் நின்றது. அவரோ முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, பஸ் டிக்கெட்டைக் கையில் சுருட்டியபடி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"ஊட்டுல சொல்லிராத கண்ணு" என்றார். "சித்தி ஊட்டுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கறன்."

அவருக்கு இரண்டு குழந்தை போயிருந்தது, இது மூன்றாவது. இரண்டுமே ஏழாம் மாதத்தில், கொமரலிங்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு ஓய்வுக்கென்று போயிருந்தபோது. அப்பாவின் தென்னந்தோப்பு ஓரத்தில் புதைத்து இரண்டு கல் நட்டிருப்பதாகச் சொன்னார். திருப்பூரில் பெரிய டாக்டரிடம்தான் காட்டினார்கள். அவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லி வந்தார். ரத்தம் எடுத்து எடுத்தே பிள்ளையைக் கரைத்துவிடுவார்கள் என்று மாமியாருக்குப் பயம். அதனால்தான் ஒளிந்து வந்தார்.

அதன்பின் நாங்கள் ஒரே நாளில் போய்வரத் தொடங்கினோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். வேகவைத்த நிலக்கடலை கொண்டு வருவார். திரும்பும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வருவார். காம்பவுண்டுக்குள் வந்துவிட்டால் என்னைத் தெரியாதவர் மாதிரி மாடிப்படி ஏறிவிடுவார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என் வயிற்றில் அசைவு தெரிந்ததை என் கணவருக்கு முன்னால் அவரிடம்தான் சொன்னேன்.

அவருக்கு ஏழாம் மாதம் தொடங்கியபோது, ஒருநாள் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். கால் வீங்கி உள்ளே நுழையவில்லை. ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, இன்றே அட்மிட் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விட்டால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் வளைகாப்பு. சொந்தபந்தம் எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. அது முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சி, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இருந்துருங்கக்கா, நான் போயி பெரியம்மாட்டச் சொல்லுதேன்" என்றேன். அவருடைய மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

வேண்டாம் என்றார். முதல் இரண்டுக்கும் வளைகாப்பு வைக்குமுன்பே முடிந்துவிட்டதாம். இந்த ஒன்றுக்காவது மாமியார் ஆசைப்படி நடக்கட்டும் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

வளைகாப்பு அன்று காம்பவுண்டு முழுக்கப் பந்தல். பாத்திரம் எடுத்துக் கொடுக்க எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா பட்டுச்சேலையில் நாற்காலியில் இருந்தார். கை வீங்கியிருந்ததால் வளையல் புறங்கையைத் தாண்டவில்லை. சோப்பு போட்டுப் பாருங்க என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை பூரிக்கிறது நல்லதுதான் என்றார் ஒருவர். நான் தண்ணீர்ச் சொம்புடன் குனிந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்: "கண்ணுல மின்னல் மின்னலா அடிக்குது. உன் மொகம் தெரியல."

நான் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். அவருடைய மாமியார் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கோவைக்குப் போனது, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீடும் வேலையும் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவர் இலைக்கட்டைக் கீழே வைத்தார். "எம்பட மருமவ ஆராய்ச்சிக்குப் போனாளா?" என்றார். கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. பந்தலில் மகன் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்தார். பிறகு, "மொதப் பந்தி எந்திரிச்சிரட்டும் கண்ணு. உடனே கெளம்பிரலாம்" என்றார்.

முதல் பந்தி எழுவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

அக்காவின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பேய்க்கோளாறு என்று ஒருவர் திருநீறு கொண்டு வந்தார். காக்காய் வலிப்பு இல்லை, பிரசவ வலிப்பு என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெரியம்மாதான் எல்லோரையும் விலக்கிவிட்டு, மகனைக் காரை எடுக்கச் சொல்லி, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத்தானே தெரியும். அக்காவின் தலை என் மடியில் இருந்தது. என் வயிற்றில் குழந்தை உதைத்துக்கொண்டே வந்தது.

போனதுமே ஆபரேஷன். பெண் குழந்தை. இன்குபேட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தோல் வழியே நரம்பெல்லாம் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் வரை மூச்சு இருந்தது.

ஆபரேஷன் முடிந்த கையோடு டாக்டர் வெளியே வந்து நஞ்சுக்கொடியைப் பற்றிப் பேசினார். அக்கா ஏற்கனவே சம்மதித்திருக்கிறார். ஆனால் இப்போது அவருக்குச் சுயநினைவு இல்லை. குடும்பத்தார் வேண்டாமென்றால் எடுக்க மாட்டோம் என்றார். அக்காவின் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரியம்மா அதை ஊருக்குக் கொண்டுபோய் முறைப்படி புதைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் குடுக்கறதாச் சொல்லியிருக்கறயா?"

"ஆமாம் பெரியம்மா."

"எதுக்குக் கண்ணு?"

"அக்காவுக்கு ரெண்டு ஏன் போச்சுன்னு யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. யாராச்சும் பாக்கட்டும்னுதான்."

பெரியம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "வேணுங்கறத எடுத்துக்கங்க. மீதியக் குடுத்துருங்க, நாங்க பொதைச்சுக்கறோம்" என்றார். ஒரு துண்டு பாட்டிலுக்குப் போனது. மீதியை வாங்கி வைத்திருந்து, மறுநாள் குழந்தையோடு சேர்த்துக் கொமரலிங்கம் கொண்டுபோனார்கள்.

சில நாள் கழித்துத்தான் அக்கா தெளிவாகக் கண் திறந்தார். நான் போய்ப் பார்த்தேன். குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. பால் வற்றுவதற்காக மாரில் கட்டியிருந்த துணியைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். "டாக்டரு எடுத்துக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். எடுத்தார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு எட்டாம் மாதக் கடைசியில் பெண் பிறந்தாள். எடை குறைவுதான், ஆனால் பிறந்ததும் அழுதாள். பிழைத்துக்கொண்டாள். என் நஞ்சுக்கொடியிலும் ஒரு துண்டு எடுத்தார்கள். பிள்ளையோடு லைன் வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததே இல்லை. குழந்தையை எட்டிப் பார்த்தார், தொடவில்லை.

"இவ அழற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது சாமி. கேட்டா அவளுக்குப் பால் சொரக்குது. வேற ஊடு பாத்துக்கங்க" என்றார்.

அவர் கண்ணில் நீர் இருந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு பிடித்துப் போனோம். கம்பெனியையும் மாற்றிக்கொண்டேன்.

பிறகு குழந்தையைக் காட்டப் போனபோது டாக்டரிடம் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேர்விடும் நேரத்திலேயே எங்கோ கோளாறு தொடங்குகிறது. சிலருக்கு மட்டும் ஏன் என்று சொல்ல முடியவில்லை. தக்க சமயத்தில் குழந்தையை வெளியே எடுப்பது ஒன்றுதான் இன்றைக்கு வைத்தியம் என்றார். தக்க சமயம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த முதல் பந்திதான் நினைவுக்கு வந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அதன்பின் அவருக்குக் குழந்தை இல்லை. கம்பெனிக் கணக்கு வழக்கைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். என் மகளின் உயரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வருசத்துக்கு ஒருக்கா அந்த ஆஸ்பத்திரியில கூப்புடறாங்க. பிரஷர் பாத்து, ரத்தம் எடுக்கறாங்க. இன்னைக்கும் அங்கதான் கெளம்பிட்டன்" என்றார். "இப்ப அத்தையும் கூட வர்றாங்க."

கோவை பஸ் வந்தது. பின்னால் கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டு, அக்கா முதலில் ஏறி இரண்டு பேருக்கும் இடம் பிடித்தார்.