பதில் வராத இடத்தில் ஒரு பூஜ்யம்

எனக்கு எதற்கெடுத்தாலும் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஈரத்தோடு மடித்து வைத்த துண்டு, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தலையில் வழிய வழியத் தடவிய எண்ணெய், எச்சில் கையோடு யாராவது திறந்த குழாய், எல்லாமே எனக்கு ஆகாது. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் என்னைச் சாப்பிட வைப்பதற்குள் அம்மாவுக்கு உயிர் போய்விடும். "ஒனக்குன்னு கடவுள் தனியா ஒரு மூக்கு செஞ்சு வெச்சிட்டான்" என்று திட்டுவாள்.

இந்த மூக்கை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் படிப்பை முடித்து நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம், நெல்லித்தோப்பில் ஒரு கறிக்கோழிக் கடையின் மாடி. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. பெங்களூருக்கும் சென்னைக்கும் போக வீட்டில் விடவில்லை. உள்ளூரில் கிடைத்தது இதுதான். கீழே இறகு உரிக்கிற வெந்நீர் நாற்றம், மேலே சால்டரிங் புகை. மதியம் டப்பாவைத் திறந்தால் சோறுகூடக் கோழி நாறும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முதலாளியைத்தான் பொறுக்க முடியவில்லை. பிரான்ஸில் கொஞ்சகாலம் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். விரலை நாக்கில் தொட்டு மானிட்டர் திரையின் தூசியைத் துடைப்பார். பிறகு அதே விரலால் என் கீபோர்டைத் தட்டுவார். எது கெட்டாலும் "பா கிராவ்" என்பார். பிரெஞ்சில் அதற்கு 'ஒன்றும் பெரிதில்லை' என்று அர்த்தம். சால்டரிங் இரும்பு மேசையைப் பொசுக்கினாலும் பா கிராவ், மழை ஒழுகிப் புது போர்டெல்லாம் நனைந்தாலும் பா கிராவ். ஒருநாள் என் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்துவிட்டுக்கூட அதையேதான் சொன்னார். அந்தப் பாட்டிலைச் சாயங்காலமே குப்பையில் போட்டேன்.

நாங்கள் செய்தது ஐஸ் ஃபேக்டரிகளுக்கான ஒரு பெட்டி. ஐஸ் கட்டியை உறைய வைக்க அம்மோனியா ஓட வேண்டும். அது கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் எரித்துவிடும். சுவரில் ஒரு சென்சார், அது காற்றை மோந்து அளவு சொல்லும். அதிலிருந்து நாலு கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. கம்பி வந்து சேர்கிற பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். மேலே ஒரு திரை.

என் வேலை டிரைவர் எழுதுவது. வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. கம்ப்யூட்டருக்குக் கெர்னல் என்று ஓர் உள்கட்டு உண்டு. வெளியே இருக்கும் கருவி எதுவும் நேராக உள்ளே போய்ப் பேச முடியாது. வாசலில் நின்று, வெளியே கேட்டு வந்து உள்ளே சொல்கிற ஆள் ஒருவன் வேண்டும். அவன்தான் டிரைவர். அவன் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. என் டிரைவர் ஓயாமல் சென்சாரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: அளவு என்ன? சென்சார் எண்ணைச் சொல்லும். கம்பி அறுந்தோ, சென்சார் செத்தோ பதில் வராமல் போனால், கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு மைனஸ் எண்ணை டிரைவர் உள்ளே அனுப்பும். கெர்னலில் அது வழக்கம். மைனஸ் வந்தால் அது அளவு இல்லை, பிழைக்கான அடையாளம். மைனஸ் நூற்றுப்பத்து என்றால், காத்திருந்தும் பதில் வரவில்லை என்று பொருள்.

திரையில் காட்டும் புரோகிராம் முதலாளி கைவண்ணம். மைனஸ் வந்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை. துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் முதன்முதலாகப் பெட்டியை ஓட்டிக் காட்டிய அன்று கம்பி ஒன்று சரியாக இறங்கவில்லை. 'அம்மோனியா: -110' என்று கொட்டை எழுத்தில் திரையில் வந்து நின்றது.

ஃபேக்டரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னா சார், மைனஸ்ல போவுது? நாங்க வெளியேருந்து கேஸ் வாங்கியாந்து ஊத்தணுமா?"

முதலாளி முகம் செத்துப் போனது. அலுவலகத்துக்குத் திரும்பியதும் என் மேசைக்கு வந்தார்.

"டிரைவர்ல மைனஸ் வந்தா ஜீரோன்னு அனுப்பிடு."

"ஜீரோன்னா காத்து சுத்தமா இருக்குன்னு அர்த்தம் சார். பதில் வரலன்னா, காத்து எப்படி இருக்குன்னே நமக்குத் தெரியலன்னு அர்த்தம். ரெண்டும் எப்படி சார் ஒண்ணாவும்?"

"கஸ்டமருக்கு அதெல்லாம் வாணாம். பச்சையா ஒரு ஜீரோ தெரிஞ்சா நிம்மதியா இருப்பான்."

"உங்க புரோகிராம்ல, மைனஸ் வந்தா 'சென்சார் பழுது'ன்னு காட்டுங்க சார். நாலு வரி வேலை."

"பழுதுன்னு காட்டுற பொருள எவன் வாங்குவான்?"

நான் மாட்டவே மாட்டேன் என்றேன். அங்கே ஒருவர் அந்தத் திரையை நம்பி மூச்சு விடுகிறார் என்றேன். "சரி விடு, பா கிராவ்" என்று போய்விட்டார். அத்தோடு முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஒருவர், ஃபேக்டரியின் ஆபரேட்டர். வீராம்பட்டினத்துக்காரர். மீன் பிடிக்கப் படகில் போக விருப்பமில்லாமல் இளவயதிலேயே ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தவர், அங்கேயே ஐம்பதைத் தாண்டிவிட்டார். வருடக்கணக்காக அம்மோனியாவை மோந்து மோந்து அவர் மூக்கு செத்துப் போயிருந்தது. மீன் குழம்பு வாசனைகூடத் தெரியாது என்று அவரே சொல்வார். பெட்டி வருவதற்கு முன்பு கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் மூட்டுகளில் காட்டிப் பார்ப்பார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பும். பெட்டி வந்ததும், இனி குச்சி எதற்கு என்று ஃபேக்டரிக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

சென்சாரைச் சுவரில் மாட்டிய அன்று அவர் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "அப்ப இனிமே இதாம்மா எம் மூக்கு" என்றார். அந்த ஃபேக்டரியில் எனக்குக் குமட்டாத ஒரே விஷயம் அவர் பேச்சுதான். மற்றதெல்லாம் சொல்லி மாளாது. தரையெல்லாம் மீன் கழுவிய தண்ணீர், செதில், எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து செருப்பை வாசலிலேயே கழுவுவேன்.

ஆயுதபூஜை வந்தது. விடுமுறை முடிந்து, இரண்டாவது சென்சார் மாட்ட இடம் பார்த்துவிட்டு வரச்சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். ஃபேக்டரி வாசலில் வண்டியை நிறுத்தும்போதே என் மூக்கு சொல்லிவிட்டது. மீன் நாற்றம் இல்லை. மூத்திரச் சந்தில் மாட்டிக்கொண்டது போலக் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்ப்ரசர் அறை வாசலுக்கு ஓடினேன்.

உள்ளே எல்லாவற்றுக்கும் பொட்டு. கம்ப்ரசர் சக்கரத்துக்கு, சுவிட்ச் போர்டுக்கு, எங்கள் பெட்டிக்கு. வாழைக்கன்று சாய்ந்து கிடந்தது. ஆபரேட்டர் ஒரு வால்வுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே திரையில் பச்சையாக ஒரு பூஜ்யம்.

"அண்ணே, வெளிய வாங்க! கேஸ் கசியுது!"

"இல்லியேம்மா. ஜீரோதான காட்டுது?"

"கண்ணு எரியலயா ஒங்களுக்கு?"

"எரியுதுதான். ஊதுபத்திப் பொகைன்னு நெனச்சேன்."

என் குரலில் எதையோ கண்டு எழுந்தார். அவர் எழவும், வால்வின் கழுத்தில் கசிவை அடைத்திருந்த பேக்கிங் பிய்த்துக்கொண்டு சீறவும் சரியாக இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். எப்படி உள்ளே போனேன், எப்படி இழுத்து வந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் ஓடிவந்து மெயின் வால்வை வெளியிலிருந்தே மூடினார்கள். குழாயடியில் அவர் முகத்தைப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தோம். அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டுச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் முதலாளி ஃபேக்டரிக்கு வந்தார். சென்சாரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். காற்று போகிற கம்பி வலையில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்தி இதழ். பன்னீரில் குழைத்த சந்தனம் வலைக்குள் இறங்கி, உள்ளே இருந்த சர்க்யூட்டையே நனைத்துக் கெடுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைப் போல அசிங்கமான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"நம்ம பொருள் மேல தப்பே இல்ல. ஒங்க ஆளு சந்தனத்த அப்பி வெச்சிருக்கான்."

ஃபேக்டரிக்காரரும் தலையாட்டினார். மெஷினைக் கெடுத்தவனுக்கு இனி இங்கே வேலை கிடையாது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கணக்கை முடித்துவிடுகிறேன் என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேட்டருக்குக் கண்ணில் கட்டு. பார்வை முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவருக்கு அதைவிட வேறொன்றுதான் பெரிதாக இருந்தது. "எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சமே, எம் மூக்குக்கு வெக்காம உடலாமான்னு ஆசையா வெச்சேம்மா. எங் கையாலயே எங் கண்ணக் கெடுத்துக்கிட்டேன். எங்க மொதலாளி மெஷினையும் கெடுத்துட்டேன்." கட்டில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. சந்தனம் சென்சாரைக் கொன்றது சரி. செத்த சென்சார் பதில் சொல்லாது. பதில் வராவிட்டால் மைனஸ் நூற்றுப்பத்து அல்லவா வர வேண்டும்? பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

காலையில் முதல் வேலையாக, அந்தப் பெட்டியில் ஏற்றிய டிரைவர் ஃபைலைத் திறந்தேன். பிழையைத் திருப்பி அனுப்பும் வரியை யாரோ அழித்துவிட்டு, பூஜ்யத்தை அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். ஃபைலின் தலையில், எழுதியவர் என்ற இடத்தில், என் பெயர் அப்படியே இருந்தது. கீழே கோழி வெட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் கடைக்காரராவது தன் கத்தியில் என் பெயரைப் பொறித்து வைக்கவில்லை.

"நீங்களா சார் மாத்தினீங்க?"

"ஒரு வரிதான? நீ அடம் புடிச்ச. நானே போட்டுட்டேன்."

"மேல என் பேர் இருக்கு சார்."

"இருக்கட்டுமே. கிரெடிட்ட ஒனக்குத்தான் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு விரலை நாக்கில் தொட்டு என் திரையின் ஓரத்தைத் துடைத்தார். என் பெயரின் மேல் எச்சில் பட்டது போல உடம்பு கூசியது. அதற்குமேல் அவரிடம் பேசி ஆகப்போவது எதுவும் இல்லை.

ஆபரேட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கணக்கை முடித்துக்கொள்ள ஃபேக்டரிக்கு வந்த அன்று, நாங்களும் புது சென்சாரோடு போயிருந்தோம். கம்ப்ரசர் நின்றிருந்தது, அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். அவர் கண்கட்டோடு, தோளில் துண்டோடு, கதவோரம் ஒதுங்கி நின்றார். முதலாளி சென்சாரை மாட்டினார். பெட்டியில் முதலாளி மாற்றி வைத்த அதே டிரைவர். திரையில் பூஜ்யம் வந்தது.

"பாருங்க, பர்ஃபெக்டா வேலை செய்யுது. இனிமே யாரையும் கிட்ட விடாதீங்க" என்றார்.

நான் நேராகப் போய்க் கம்பியை உருவினேன். சென்சாரைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து, ஃபேக்டரிக்காரர் முகத்துக்கு எதிரே உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். சென்சார் என் கையில் இருந்தது. திரையில் பச்சைப் பூஜ்யம் அசையாமல் இருந்தது.

அவர் என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஒயரே இல்ல. எப்படிம்மா காட்டுது?"

"எப்பவும் இப்படித்தான் காட்டும் சார். சென்சார் செத்தாலும் ஜீரோதான். அப்படி மாத்தி வெச்சிருக்காங்க. மாத்தலன்னா அன்னிக்கே மைனஸ் வந்திருக்கும், இந்த அண்ணன் பாத்துட்டு வெளிய வந்திருப்பாரு."

கதவோரத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "அப்ப எம் பொட்டால இல்லியாம்மா?"

"பொட்டு சென்சாரக் கெடுத்திச்சு ண்ணே. அது தெரியாம நடந்தது. கெட்டுப்போனத ஒங்ககிட்ட சொல்ல உடாமப் பண்ணது தெரிஞ்சே செஞ்சது."

ஃபேக்டரிக்காரர் பெட்டியின் சுவிட்சைத் தானே அணைத்தார். ஆபரேட்டரைப் பார்த்து, "நீ எங்கயும் போவாத. கந்தகக் குச்சி வாங்கியாரச் சொல்றேன்" என்றார்.

முதலாளி லேசாகச் சிரித்தார். "சின்ன சாஃப்ட்வேர் மேட்டர் சார் இது. பா கிராவ்."

"என்னாம்மா சொல்றாரு?" என்று ஆபரேட்டர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் பெரிசா இல்லியாம் ண்ணே."

அவர் ஒற்றைக் கண்ணால் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கு செத்து எத்தனையோ வருடமான மனிதர், முகத்தைச் சுளித்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.