படையல் குழம்பில் போட்ட பவுடர்

அந்த வெள்ளை டேஸ்ட் பவுடரைக் கண்டாலே எனக்குக் குமட்டும். நாக்கில் பிசின் தடவியதுபோல ஒட்டிக்கொண்டு ஊர்ப்பட்ட எச்சிலை ஊறவைக்கும். கள்ளக்குறிச்சி ஃப்ரைடு ரைஸ் கடைக்காரர்கள் அதை அள்ளிக் கொட்டித் தொலையட்டும். வீட்டு அடுப்புக்கு அது எதற்கு? அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, பழுத்த தக்காளியைச் சுண்ட வதக்கி, இறக்கும்போது வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவினால் வராத ருசியா?

அப்படி வைக்கும் மொச்சைக் குழம்பென்றால் அப்பாவுக்கு உயிர். படுக்கையில் விழுந்த பிறகும், நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதை மட்டும் வழித்துச் சாப்பிடுகிறார் என்று அம்மா போனில் சொல்வாள். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

அவருடைய முதல் வருஷப் படையலுக்கு வடக்கனந்தலில் அம்மா வீட்டுக்குப் போனபோது, குழம்பை நான்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தேன். மொச்சையும் புளியும் வெள்ளிமலையிலிருந்து வாங்கிப் போயிருந்தேன். படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. உப்பைக் கைக்கணக்கில் போட்டு இறக்கி வைத்துவிட்டு, இலை அறுக்கக் கொல்லைக்குப் போனேன்.

கூப்பிட்டதுமே காக்கை வந்து சோற்றைக் கொத்தியது. அப்பாவே வந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. பிறகு பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். அதே பிசின். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. செத்தவருக்கு வைக்கிற சோற்றில்கூடவா இந்தக் கருமம்?

அண்ணியின் வேலைதான் என்று நினைத்தேன். ரசத்துக்கே அதைப் போடுகிற கை அது. அடுக்களைக்குப் போய்க் கேட்டே விட்டேன். அண்ணி திருதிருவென்று விழித்தாள். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.

"அவள இன்னாத்துக்குக் கேக்குற? நான்தான் போட்டேன். படுத்ததுல இருந்து உங்கப்பாவுக்கு எதுவும் வாய்க்குப் புடிக்கல. இதப் போட்டாத்தான் நாலு வாயி சாப்புட்டுக்கினு இருந்தாரு. நீ கொண்டாந்து குடுத்ததுலயும் போட்டுத்தான் குடுத்தேன். இன்னிக்கு மட்டும் அந்த மனுசனப் பட்டினி போடச் சொல்றியா?"

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அதை அருவருப்போடு விழுங்கினேன். அம்மா மறுபடியும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இலைக்குத் திரும்பி வந்து, அப்பா சாப்பிட்டதை மீதி வைக்காமல் சாப்பிட்டேன்.