டொக்டரிடம் போகிற குடும்பம்

எண்பதுகளின் நடுவில் லூயிஷாமில் எங்களுக்குக் கிடைத்த வீடு ஒரு சீனச் சாப்பாட்டுக்கடைக்கு மேலே இருந்தது. கணவர், நான், இரண்டு பிள்ளைகள். எங்கள் வாசற்கதவும் கடைக்கதவும் பக்கத்துப் பக்கத்தில். நாங்கள் படியிறங்கி வெளியே கால் வைத்தால் போதும், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். என் வயதுதான் இருக்கும். வந்ததும் ஒரே கேள்வி.

"எங்கே போகிறாய்?"

அரைகுறை ஆங்கிலத்தில்தான் கேட்பாள். எந்த மொழியில் கேட்டால் என்ன, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளிக்கிட்டுப் போகிறவர்களிடம் எங்கே போகிறாய் என்று யாழ்ப்பாணத்தில் எவராவது கேட்பார்களா? கேட்டால் போகிற காரியம் சரிவராது. யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால் திரும்ப உள்ளே போய், சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிட வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டும் தொப்பியும் மாட்டி, தேத்தண்ணி ஃபிளாஸ்க்கும் கட்லட் பெட்டியும் தூக்கிக்கொண்டு இறங்கிய நாங்கள் நால்வரும், அதே வேகத்தில் திரும்பப் படியேறுவோம். தண்ணீர் குடிப்போம். மறுபடி இறங்கினால் அவள் அங்கேயே நின்று மறுபடி கேட்பாள். பஸ் போய்விடும்.

சகுனம் பாதிப் பயம்தான். மீதிப் பாதி வேறு. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. வேலை செய்யும் அனுமதியும் இல்லை. ஆனாலும் என் கணவர் கட்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டில் காதும் காதும் வைத்தமாதிரி வேலை செய்துகொண்டிருந்தார். யாராவது ஒருவர் ஓரிடத்தில் வாயைத் திறந்தால் நால்வரையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த நிலையில் ஒருத்தி தினமும் வாசலில் நின்று எங்கே போகிறாய் என்று விசாரித்தால் என்ன நினைப்பது? இவள் ஆருக்கோ ஆள் காட்டிக் கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

"நீர் அவளோட கதை வைச்சுக்கொள்ளாதையும்," என்றார் கணவர். "கேட்டா டொக்டரிட்டப் போறம் எண்டு சொல்லும். டொக்டரிட்டப் போறவனை ஒருத்தரும் மேல கேக்கமாட்டினம்."

அப்படியே சொன்னேன். கிரீனிச் பூங்காவில் பிள்ளைகளைப் படகில் ஏற்றப் போனபோதும் டொக்டர். ட்ரஃபல்கர் சதுக்கத்தில் புறாவுக்குத் தீனி போடப் போனபோதும் டொக்டர். ஹவுன்ஸ்லோவில் இருந்த கணவரின் தமையன் வீட்டுக்குப் போய், அப்படியே விமானங்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவதும் எங்களுக்கு ஒரு பெரிய பயணம். அதற்கும் டொக்டர்தான். பட்டுச்சேலை கட்டிக் கோயிலுக்குப் போகிறபோதும் டொக்டர் என்றேன். அவள் என் சேலையை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினாள்.

உலாப் போன இடங்களிலும் நிம்மதி இருந்ததில்லை. யாராவது கமராவைத் தூக்கினால் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பஸ்ஸில் சீருடைக்காரன் டிக்கற் பார்க்க ஏறினால் பிள்ளையின் கையை நான் இறுக்குகிற இறுக்கில் அது கத்தும். இப்போது படங்களை எடுத்துப் பார்த்தால், லண்டனின் அத்தனை அழகான இடங்களிலும் நாங்கள் திருடர்கள் மாதிரி நிற்கிறோம்.

இப்படி டொக்டர் டொக்டர் என்று சொல்லிக்கொண்டிருக்க, ஒருநாள் அவள் படியேறி வந்து கதவைத் தட்டினாள். கையில் மூடிபோட்ட ஒரு பாத்திரம். உள்ளே கறுப்பாக ஒரு சூப், வேரும் பட்டையும் மிதந்தது. என்ன நோய், யாருக்கு நோய் என்று கேட்கவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நல்லது, நல்லது" என்றாள். நான் நன்றி சொல்லி வாங்கி, கதவைச் சாத்தி, முகர்ந்து பார்த்து, அப்படியே குசினித் தொட்டிக்குள் ஊற்றினேன். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத்தான் சூப்பைச் சாட்டாக வைத்துக்கொண்டு வந்தாள் என்பது என் தீர்ப்பு.

கணவரையும் அவள் விடவில்லை. அந்த மனிதர் பெற்றோல் அடிக்கப் போவதே கழுத்தில் ரை கட்டி, கறுப்புக் கைப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான். சீருடை பைக்குள் இருக்கும். எங்கள் ஆட்கள் யாராவது வழியில் கண்டால் கௌரவம் என்னாவது! அவள் ஒருநாள் அந்தப் பையைக் காட்டி என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். இவரும் சும்மா இருக்காமல், "அரசாங்க ஓபிஸ்" என்று அளந்துவிட்டு வந்தார்.

"இனி வாயைத் திறக்கமாட்டாள் பாரும்," என்றார் பெருமையாக.

உண்மைதான், அதன்பிறகு அவரைக் கண்டால் அவள் உள்ளே போய்விடுவாள். கடையின் பின்பக்கக் குசினியில் அவளுடைய தம்பி ஒருவன் வேலை செய்தான். எப்போதும் தலைகுனிந்து வெங்காயம் வெட்டுகிறவன். என் கணவர் கடந்து போனால் குசினிக் கதவு சாத்தப்படும். அதையும் நான் கவனித்தேன். எதையோ மறைக்கிறார்கள் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

ஒரு பின்னேரம் வாசலில் வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. கோட்டுப் போட்ட குடிவரவு அதிகாரிகள் இறங்கினார்கள். மேலே ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். சொல்லிவிட்டாள், பாவி சொல்லிவிட்டாள் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். படியில் காலடி கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து வந்து எட்டிப் பார்த்தால், கடைக்குள்ளிருந்து அந்தத் தம்பியைக் கொண்டுவருகிறார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்றவிடவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து என் கணவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ரை, கறுப்புப் பை. நடைபாதையில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டார். வந்தவர்களில் ஒருவன் அவருக்கு வழிவிட்டு, "குட் ஆஃப்டர்நூன், சேர்," என்றான். இவர் என்ன செய்வார்? பயத்தில் தானும் "குட் ஆஃப்டர்நூன்" என்றார். கடைவாசலில் நின்ற அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்லேல்லையப்பா," என்றார் மேலே வந்து. "நான் ஏன் சொல்லப்போறன்?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே," என்றேன்.

உடனே இறங்கிப் போய், நாங்கள் இல்லை, எங்களுக்கும் இதே பயம்தான் என்று சொல்ல மனம் துடித்தது. சொன்னால் எங்கள் கதை வெளியே வரும். சொல்லாமல் விட்டேன். அப்படியே சொல்லியிருந்தாலும், என் வாயிலிருந்து அதுவரை பொய் தவிர வேறொன்றும் கேட்டிராதவள் அதை மட்டும் நம்புவாளா?

அன்றோடு கேள்வி நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இறங்குவோம், அவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். தண்ணீர் குடிக்கத் திரும்ப வேண்டியதில்லை, பஸ்ஸும் பிடிபடும். சகுனத்தில் ஒரு குறையும் கிடையாது. எனக்கோ வாசலைத் தாண்டுகிறபோது அந்தக் கேள்வி வராதா என்றிருக்கும்.

பிறகு எங்களுக்கு இருக்க அனுமதி வந்து, நான் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே மலேசியாவிலிருந்து வந்த சீனப்பெண் ஒருத்தி எனக்குப் பக்கத்து மெஷின். தேத்தண்ணி குடிக்க எழும்புகிற எல்லாரையும், எங்கே போகிறாய் என்று கேட்பாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், உனக்கு ஏன் அது என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். எங்கள் ஆட்கள் தெருவில் கண்டால் அப்படித்தான் கேட்போம், அது சுகம் விசாரிக்கிற மாதிரி, சும்மா வெளியே என்று சொன்னால் போதும், ஒருவரும் பதிலைக் கவனிப்பதில்லை என்றாள். அன்று முழுக்க என் தையல் கோணிக்கொண்டே போனது.

இருந்தும் பொய் சொன்னது பிழை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலம் திரும்பி வந்தால் திரும்பவும் டொக்டர் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய ஏலும்?

தொண்ணூறுகளில் நாங்கள் தமையன் வீட்டுக்குக் கிட்ட இருக்கவேண்டுமென்று ஹவுன்ஸ்லோவுக்கு மாறினோம். கட்டில், ஃபிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாம் வாடகை வானில் ஏறிவிட்டன. நான் கடைக்குள் போனேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி திரும்பி வரவேயில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கேட்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை.

"நாங்கள் ஹவுன்ஸ்லோவுக்குப் போகிறோம்," என்று நானாகவே சொன்னேன். இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். கண்ணாடி வழியாக வானையும் அதன் மேல் கட்டியிருந்த கட்டிலையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டொக்டரிடமா?" என்றாள்.

வெளியே வந்தேன். உள்ளே போய் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும்போல இருந்தது. வீட்டுச் சாவியை அப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தோம்.