பூக்குழியில் பட்ட சூடு

ரங்கூனுக்கு வந்த புதிதில் செல்லக்கண்ணு அங்கே தாமுவே என்ற பகுதியில் இருந்த மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கினார். இரண்டு உள்ளங்காலும் வெந்துவிட்டன. காரணம் அவருக்கு மட்டும் தெரியும். விரத நாளில், துறைமுகத்தில் மூட்டை இறக்கிய பசியில், பர்மாக்காரி கடையில் மொகிங்கா என்னும் சேமியாக் குழம்பை வாங்கிக் குடித்திருந்தார். பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் அதில் மீன் கரைத்திருப்பது தெரிந்தது.

புண் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் ஆத்தா தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார். மேஸ்திரி வேலை தானாகத் தேடி வந்தபோது வேண்டாம் என்றார். மனைவி தைலம்மாள் இட்லிக்கடை போடலாம் என்றாள், எரிந்து விழுந்தார். மகன் குமரேசனைக் கிரேன் ஓட்டப் பழக்குகிறேன் என்று துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டார். "நமக்கு எதுவும் கைகூடாதுடா" என்று மகனையும் தடுத்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் தைலம்மாளே பூக்குழி இறங்கினாள். அவள் காலும் வெந்தது. மறுநாள் சாயங்காலம் அந்தக் காலுக்கு வெண்ணெய் தடவும்போது செல்லக்கண்ணு உடைந்துபோய் மீன் கதையைச் சொன்னார்.

"என் பாவம் உன்னையும் சுட்டுருச்சு தைலம்."

அவள் சிரித்துவிட்டாள். "நெருப்ப மிதிச்சா சுடாம என்ன செய்யும்? அடுத்த வருசமும் எறங்கத்தான் போறேன்."

அப்போது குமரேசன் தோளைத் தேய்த்துக்கொண்டே வேலையிலிருந்து வந்தான். தைலம்மாளின் சிரிப்பு நின்றது.

"ஏங்க, அந்த அரைக் கிண்ணத்துக்காகவா எம்புள்ள இன்னும் மூட்டை தூக்குறான்?"

செல்லக்கண்ணு அவள் பாதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.