விமலாவின் கெலேடெக் பை

விமலா முட்டை போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை, புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வாய் உள்ளவர்கள் எல்லாரும் போட்டாள் என்றுதான் பேசினார்கள்.

அவள் போர்ட்டிக்சன் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையலறை வேலை பார்க்கிறவள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து, தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டவுனுக்குக் கிளம்பிய பிறகும், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்து வீட்டை விடாத சில பேரில் அவளும் ஒருத்தி. புருஷன் சத்தியசீலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் விமலா சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருக்கிறாள். லயத்தில் அதற்குக் கெலேடெக் என்றுதான் பெயர். ஓட்டலில், மாவை விரித்துப் பூரணம் நிரப்பி ஓவனில் வேகவைக்கிற பை என்ற வெள்ளைக்காரப் பலகாரம் சுடக் கற்றுக்கொண்டவள், வீட்டில் இந்தக் கிழங்கை வைத்துச் சுட்டுப் பார்த்தாள். மகள் புனிதா அதற்கு அடிமை ஆகிவிட்டாள்.

போன வருடம் புனிதா டெங்கியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தே விமலாவுக்குப் பாதி உயிர் போயிற்று. வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்று அம்மனிடம் நேருக்கு நேர் பேசினாள். "எம்புள்ள எந்திரிச்சு உக்காந்து எங்கையால பை தின்னட்டும். திருநாளுக்கு அதே பைய உன் முன்னால கொண்டாந்து வைக்கிறேன்." புனிதா எழுந்தாள். முதலில் கேட்டதும் அதைத்தான். இனி விமலா வாக்குத் தவறினால் அவள் மனுஷியா?

திருநாள் வந்தது. காப்புக் கட்டினால் தோட்டத்தில் கவிச்சி கிடையாது. மீன், கோழி, முட்டை எதுவும் அடுப்பு ஏறாது. பால்குடம் எடுக்கிறவர்கள் கையில் பூசாரி காப்பாக மஞ்சள் கயிறு கட்டுவார். விமலா கையிலும் கட்டினார். நாளுக்கு ஒரு குடும்பம் உபயம் செய்யும். பூசையும் படையலும் அவர்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை விமலா வீட்டு முறை.

ஓட்டலில் பைக்குள் முட்டை ஊற்றுவார்கள். அதுதான் கிழங்கைச் சேர்த்துப் பிடிக்கும். விமலா அதற்குப் பதில் சோளமாவைக் கரைத்தாள். ஓவனில் என்றைக்கோ கோழி வெந்திருக்கும் என்று, அதை மஞ்சள் தண்ணீரால் திரும்பத் திரும்பத் துடைத்தாள். சத்தியசீலனை லுக்குட் டவுனுக்கு விரட்டிப் புதுத் தட்டு வாங்கி வரச் சொன்னாள். கிழங்கை அவித்து, தோலுரித்து, சூட்டோடு மசித்து, தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டினாள். மாவில் நெய் விட்டுப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்துத் தட்டில் பரப்பினாள். ஓரத்தை விரலால் மடித்து மடித்து அழுத்தினாள். கடைசியில் பாலில் கொஞ்சம் வெல்லப்பாகு கலந்து மேலே பூசினாள். வெந்து வந்தபோது பை பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் வினையாகப் போயிற்று.

கோயில் தலைவர் குணாளன் தோட்டத்தை விட்டு அம்பாங்கான் டவுனில் குடியேறி வருடக்கணக்காகிறது. திருநாளுக்கு மட்டும் பெரிய காரில் வந்து இறங்குவார், அதிகாரத்தையும் கூடவே இறக்கிக்கொண்டு. அவர் மனைவி ரோகினி படையல் மேசையைச் சுற்றி வந்தாள். பையைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, இது கேக்கு தானே? மேல முட்டை தடவினாத்தான் இப்படி மின்னும். நான் கேக்கு சுடுற பேக்கிங் கிளாஸ் போயிருக்கேன்லா."

"முட்டை இல்லம்மா. பாலும் பாகும்."

"எனக்கு வாசம் வருதே."

இல்லாத முட்டைக்கு எங்கிருந்து வாசம் வந்ததோ, அது ரோகினி மூக்குக்கே வெளிச்சம். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. குணாளன் வந்தார். விமலாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டைத் தூக்கச் சொல்லி, வாசலில் செருப்பு விடுகிற இடத்துப் பெஞ்சில் வைக்கச் சொன்னார். செருப்பு விடுகிற இடத்தில்! அவர் கொண்டுவந்த லட்டு சிரம்பான் கடைப் பெட்டியில் வந்தது. அதை யார் பிடித்தார்கள், எந்தச் சட்டியில் பொரித்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெட்டியில் வந்தால் சுத்தம், லயத்து வீட்டு அடுப்பில் வந்தால் சந்தேகம்.

"கோவிச்சுக்காத விமலா," என்றார் குணாளன், சிரித்துக்கொண்டே. "வேணும்னா வெளிய முனியாண்டிக்கு வச்சிடு. அவரு முட்டையெல்லாம் பாக்க மாட்டாரு."

நாலு பேர் சிரித்தார்கள். விமலா பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். சத்தியசீலன் அவள் கையைப் பிடித்தான். "வுடு விமலா, திருநாள் நேரம்." அவள் உதறினாள். எதை விடுவது? பிள்ளை உயிருக்குச் சொன்ன வாக்கையா?

நேரே போய்ப் பெஞ்சில் இருந்த தட்டை எடுத்தாள். புடவைத் தலைப்பால் அதன் அடியைத் துடைத்தாள். மேளம் நின்றுபோன கோயிலுக்குள் நடந்து, பூசாரி திருநாவுக்கரசு முன்னால் போய் நின்றாள். அவர் பயந்த மனுஷர். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைப்பார். விமலா வலது கையை நீட்டினாள்.

"பூசாரியண்ணே, இந்தக் காப்ப நீங்க கட்டினீங்க. இதக் கட்டிக்கிட்டு முட்டைய ஒடச்சிருந்தா நான் விரதத்த முறிச்சவ. அப்பறம் இது எங்கையில எதுக்கு? அறுத்துப் போடுங்க. அம்மா பாக்கட்டும்."

திருநாள் முடியாமல் காப்பை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். குற்றமில்லாத கையில் அவிழ்த்தால் பாவம் அவிழ்க்கிறவனைத்தான் சேரும்.

"என்ன விமலா இது, சீன் போடுற?" என்றார் குணாளன்.

"அப்ப நீங்க வந்து அறுங்க தலைவரே. நீங்கதானே முட்டைன்னு சொன்னீங்க?"

குணாளன் ஒரு அடி முன்னால் வைத்தார். அம்மன் முகத்தைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் வீரம்.

திருநாவுக்கரசு அந்தக் கயிற்றைத் தொடவில்லை. கண் கலங்கி, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "குடும்மா," என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். பை அம்மன் காலடியில் உட்கார்ந்தது. மேளம் மறுபடியும் எழுந்தது, தீபாராதனை ஆயிற்று. புனிதா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டாள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பூசை முடிந்ததும் குணாளன் ஒன்றும் நடக்காததுபோல மைக்கைப் பிடித்தார். "இன்னைய உபயம் விமலா குடும்பத்தார். ஸ்பெஷல் பிரசாதம், முட்டை கலக்காத சுத்தமான கேக்கு! கோயில் நிர்வாகம் நல்லா விசாரிச்சுத்தான் ஏத்துக்கிட்டுச்சு. எல்லாரும் பயமில்லாம வாங்கிக்கலாம்."

விமலா அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் குரல் ஒலிபெருக்கியில் லயம் முழுக்கக் கேட்டது.

"எம்மக பொழச்சு வந்ததுக்கு நான் அம்மாவுக்கு வச்சது இது. அத மட்டும் சொல்லி வாங்கிக்குங்க. முட்டைய இதுல சேத்தது நான் இல்ல, இவரு."