பொலி குறையாத வயல்

பிள்ளையாரை நம்பும் அன்புள்ளங்களுக்கு, ஜெயபுரத்திலிருந்து நெல் அறுவடை இயந்திரச் சாரதி எழுதுகிறேன். பெண் சாரதி.

கட்டட வேலையில் தவறி விழுந்து கணவர் படுக்கையான பிறகு, குடும்பப் பாரம் என் தலையில் விழுந்தது. எனக்கு இந்த இயந்திரத்தைப் பழக்கியவர் யோகன் அண்ணை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். என்னைவிட நான்கு வயதுதான் கூட. வாயைத் திறந்தால் ஏச்சு. "கண்ணை வயலில வை தங்கச்சி, ஆக்களின்ர வாயில வைக்காத" என்பார்.

போன மாசியில், விளைந்த நெல் சாயத் தொடங்கிய நேரம் அண்ணை காய்ச்சலில் விழுந்துவிட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் தனியாகப் போனேன். வயல்காரர் தம்பிராசா ஐயா வரம்பில் மறித்தார்.

"பிள்ளை, சூடு மிதிக்கிற களத்துக்குள்ளயே எங்கட பொம்பிளையள் கால் வைக்கிறேல்லை. நீர் இறங்கினா பொலி போயிடும்."

நெல்லடிக்கும் களத்திலோ வயலிலோ பெண் கால் வைத்தால் நெல் பெருகாதாம். ஊரே அவர் சொல்லைத்தான் கேட்கும். இந்த வயல் தவறினால் எனக்கு இனி ஒரு வயலும் இல்லை. பிள்ளையார் கோயிலில் வாய்விட்டு அழுதேன். "அப்பனே, அண்ணையின்ர காய்ச்சலை மாத்து, அவர் வந்து வெட்டட்டும். இல்லாட்டி இந்தத் தொழிலையே விட்டிடுவன்" என்று மிரட்டியும் விட்டேன். நான் கோபக்காரி. கடவுளிடமும் அப்படித்தான்.

மறுநாள் காலை மனைவியின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து, போர்வையோடு அண்ணை நானும் ஐயாவும் நின்ற வயலடியில் வந்து இறங்கினார். காய்ச்சல் விடவில்லை. ஐயாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அண்ணை இயந்திரத்தில் ஏறாமல் வரம்பில் குந்தினார்.

"இவாதான் வெட்டுவா ஐயா. பொலி குறைஞ்சா என்ர வயல் நெல்லில அள்ளித் தாறன்."

ஐயா வானத்தைப் பார்த்தார். "ஓம், இறங்கட்டும்" என்றார்.

நடுவயலில் பதற்றத்தில் வெட்டும் பகுதியை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்திவிட்டேன். சேற்றை அள்ளி இயந்திரம் நின்றுபோனது. அண்ணையைப் பார்த்தேன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "பிள்ளையாரே" என்று இறங்கி, என் கையாலேயே சேற்றை வழித்தெறிந்தேன். அதன்பிறகு வயல் முடியும்வரை அவர் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

கடைசி மூடை ஏறிய பிறகுதான் மழை கொட்டியது. ஐயா நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். "நாளைக்கு என்ர தம்பியின்ர வயலுக்கும் வாரும்" என்றார்.

நான் கேட்டது காய்ச்சல் மாற வேண்டும் என்று. பிள்ளையார் காய்ச்சலோடேயே அந்த மனிதரை வரம்பில் கொண்டுவந்து இருத்தினார். அதை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது. இப்போது நான் பிள்ளையாரை மிரட்டுவதில்லை.

இந்தப் போகம் புதுநெல்லில் குத்திய முதல் அரிசியை ஐயா எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். பொங்கிப் படைத்தோம். சகோதரிகளே, யாரும் மறித்தால் பிள்ளையாரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வயலில் இறங்குங்கள்.