ரெங்கம்மாள் ஒதுங்கிய நாட்கள்

பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரே வாசல். உள்ளே ஐந்து குடித்தனம், எல்லோருக்கும் பொதுவாய் ஒரு கிணறு. என் வீட்டுச் சுவரும் ரெங்கம்மாள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். என் பெயர் லூர்துராணி. என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டுமே! ரெங்கம்மாளைப் பற்றிச் சொல்ல வாய் நீளமானவள்தான் வேண்டும். அவள் தன் கஷ்டத்தைத் தானே எடுத்துச் சொல்கிற பிறவி இல்லை.

வையம்பட்டிப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பத்துப் பெண் அவள். புருஷன் பெரியண்ணன் பெரியகடைத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர். அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா வெள்ளையம்மாள் பேசினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ரெங்கம்மாளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பிள்ளை உள்ளேயே போய்விட்டது. ரத்தம் நிற்கவில்லை. வயிற்றைக் கிழித்து அவள் உயிரை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். “பிள்ளை தங்கலை, இவ பிழைச்சா போதும்” என்று பெரியண்ணன் வந்து சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் ரெங்கம்மாள் கொல்லைச் சாய்ப்பில் போய் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு விலக்கு. அந்த வீட்டில் அதற்கென்று தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. எங்கள் வேதத்தில் இந்த வழக்கம் இல்லாததால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவேன். அவள் பதறுவாள்.

“ஐயோ ராணிக்கா, தள்ளி உக்காருங்க. அத்தை பார்த்தா என்னையத்தான் வையும்.”

“வைதா வாங்கிக்க. நான் என்ன உன் பாயையா கேட்டேன்?”

அன்று அவள் முகத்தில் அப்படி ஒரு களை. செத்துப் பிழைத்தவளுக்கு உடம்பு பழையபடி வழிக்கு வந்துவிட்டது என்று சந்தோஷம். வெள்ளையம்மாளுக்கும் பரம திருப்தி. “பூக்கிற மரம் காய்க்காமலா போயிடும்?” என்று கிணற்றடியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். மணப்பாறையில் தன் தம்பி மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவைத்தாள். இரண்டாம் கல்யாணம் கூடாதென்று சட்டம் இருந்தால் என்ன, ஊர்ப்பக்கம் எவன் கேட்டான்? மருமகள் மாதம் தவறாமல் ஒதுங்கிக்கொண்டிருந்த வரைக்கும் அந்தப் பேச்சு பேச்சாகவே நின்றது.

ரெங்கம்மாளுக்கு வருவது கொஞ்சம்தான். ஒரு நாள், மிஞ்சினால் மறுநாள் பாதி. சொட்டுச் சொட்டாகக் கண்டு நின்றுவிடும். “உனக்கென்ன மகராசி, எனக்கு அஞ்சு நாள் உசிர் போகுது” என்று நான் கேலி செய்வேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறுவாள். தாயார் சன்னதியில் அவள் நின்று வேண்டிக்கொண்டு வரும் வரைக்கும் நான் அம்மாமண்டபத்துக் காவிரிப் படியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பேன். திரும்பி வரும்போது என் கையிலும் கொஞ்சம் குங்குமம் வைப்பாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். அவள் நம்பிக்கையைத் தட்டிவிட எனக்கு மனசு வராது.

நாள் இரண்டு தள்ளிப்போனால் போதும், குடம் தூக்கமாட்டாள், பஸ் ஏறமாட்டாள், உரக்கக்கூடப் பேசமாட்டாள். ஒருமுறை பத்து நாளுக்கு மேல் தள்ளிவிட்டது. நானே மாங்காய் வாங்கி உப்பும் மிளகாயும் தொட்டுக் கொடுத்தேன். தின்று முடித்த மறுநாள் சாய்ப்புக்குள் விசும்பல் சத்தம் கேட்டது. மாதாமாதம் அதுதான். பாயை விரிப்பாள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள், அழுவாள். அந்த அழுகை பெரியண்ணன் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஐம்பத்தெட்டில் வையம்பட்டியிலிருந்து அவள் தங்கை வள்ளிக்கண்ணு வந்தாள். ஏற்கெனவே மூன்று பிள்ளை, அப்போது இரட்டைப் பெண்களாய்ப் பெற்றிருந்தாள். இரண்டுக்கும் கொடுக்க அவளிடம் பால் இல்லை. ஒன்றைத் தூக்கி ரெங்கம்மாள் மடியில் போட்டாள்.

“அக்கா, இத நீ வச்சுக்க. உன் பிள்ளையா வளர்த்துக்க. வேத்தாளுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல.”

குழந்தை எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. ரெங்கம்மாளின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தங்கையிடமே நீட்டினாள்.

“வேணாம் வள்ளி. நாளைக்கு எனக்குன்னு ஒண்ணு பொறந்தா இதை ஓரமா வச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

பெரியண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்ததை நான் பார்த்தேன், மூடிக்கொண்டதையும் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்தேன். வள்ளிக்கண்ணுவின் நாத்தனாருக்குப் பினாங்கில் குடித்தனம், பிள்ளை இல்லை. அவள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள்.

அதற்கப்புறமும் மூன்று வருஷம் ரெங்கம்மாள் ஸ்ரீரங்கத்துக்குப் போனாள், வந்தாள், ஒதுங்கினாள், அழுதாள். அறுபத்தொன்றில் நான்தான் பொறுக்கமாட்டாமல் புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். “சாமியையே எத்தனை நாளைக்குத் தொந்தரவு பண்ணுவ? மனுஷங்களையும் ஒரு வார்த்தை கேளு” என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா உள்ளே வைத்துப் பரிசோதித்துவிட்டு வந்து கை கழுவினார். வயிற்றுத் தழும்பு எப்போது ஏற்பட்டது என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, உனக்கு யாரும் சொல்லலியா? கர்ப்பப்பையை அப்பவே எடுத்துட்டாங்க. உசிரைக் காப்பாத்த வேற வழி இருந்திருக்காது.”

ரெங்கம்மாள் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். டாக்டரம்மா ஏமாந்துபோய்விட்டார் என்று நினைத்திருக்கிறாள்.

“இல்லீங்களே. எனக்கு மாசாமாசம் வருதுங்களே. முந்தாநாள்தான் தலைக்கு ஊத்தினேன்.”

“வரும்மா. கர்ப்பப்பை ஒரு பானை மாதிரி. பானையை எடுத்துட்டாங்க, கழுத்தை மட்டும் விட்டிருக்காங்க. அந்தக் கழுத்துல பானையோட உள்சதை கொஞ்சம் ஒட்டியிருக்கு. சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கிறதால, மாசம் ஆனா அந்தச் சதை உதிருது. சிலருக்கு இப்படி உண்டு. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல.”

“அப்ப பிள்ளை?”

“தங்கறதுக்கு இடம் இல்லியேம்மா.”

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வெள்ளையம்மாள், “டாக்டர் என்ன சொன்னா?” என்று கேட்டாள். “ஒரு கெடுதலும் இல்லையாம் அத்தை” என்று சொல்லிவிட்டு ரெங்கம்மாள் உலை வைக்கப் போனாள். புருஷனிடம் சொல்லாமலா ஆஸ்பத்திரியில் எடுத்திருப்பார்கள்? அந்த நேரத்திலும் அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் பெரியண்ணன் சாப்பிட வந்தார். சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள், மோருக்கும் கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவர் கை கழுவக் கிணற்றடிக்கு வரும்வரை காத்திருந்தாள். நான் அங்கே துவைத்துக்கொண்டிருந்தேன். நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை, அவளைத் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது.

“என்னங்க, எனக்குக் கர்ப்பப்பையே இல்லையாமே. உங்களுக்குத் தெரியுமா?”

அவர் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தெரியும் ரெங்கா. அன்னிக்கே சொன்னாங்க. உசிரு வேணுமா, அது வேணுமான்னு கேட்டாங்க. நீதான் வேணும்னேன். அம்மா காதுல விழுந்தா மணப்பாறைப் பொண்ணைக் கொண்டாந்து நிறுத்திடும், உன்னை ஊருக்கு அனுப்பிடும். அதான் வாயை மூடிக்கிட்டேன்.”

“எங்கிட்டக்கூடவா?”

“நீ தேறி எழுந்திரு, சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஒதுங்கிட்ட. எனக்கு ஒண்ணும் விளங்கலை. எடுத்தாச்சுன்னாங்க, இவளுக்கு வருதேன்னு குழம்பிப்போயிட்டேன். தாயார் புண்ணியத்துல திரும்ப வளர்ந்திடுச்சோன்னு நானும் நம்பிட்டேன் ரெங்கா. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கப் பயம். இல்லைன்னுடுவாங்களேன்னு.”

அட பாவி மனுஷா! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஈரத் துணியாலேயே அடித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. அவரும்தான் ஒவ்வொரு மாதமும் காத்துக்கிடந்திருக்கிறார்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே தடவையா அழுது தீர்த்திருப்பேனேங்க. மாசாமாசம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தேனே” என்றாள் ரெங்கம்மாள். குரல் தணிந்துதான் இருந்தது. “வள்ளி பிள்ளையை என் மடியில போட்டாளே, அப்ப பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“வேணாம்னு நீட்டினேனே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சேங்க அது!”

அவர் வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அங்க அதுக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னாவது தெரியுமா?”

“தெரியாது.”

அப்போதுதான் அவள் உடைந்தாள். கிணற்றுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, எழவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதாள். நான் அவளை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். படுத்திருந்த வெள்ளையம்மாள் அவிழ்ந்த கொண்டையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து ஓடிவந்தாள்.

“என்னடி, வையம்பட்டியிலேருந்து சேதி வந்துச்சா? யாரு போனது?”

“எம் பிள்ளை அத்தை! எம் பிள்ளை போயிடுச்சு!”

கிழவி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னடி உளர்ற? உனக்கு ஏதுடி பிள்ளை?” என்றாள்.